லாத்தாவைப் பற்றி நான் பிள்ளைகளிடம் சொன்ன கதை

லாத்தா!

உனக்கு நல்ல பெயர் இருந்தது. வாப்பா தேடி வைத்த பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பெயர் நிறைய வாய்களில் கிடந்து எச்சிலாகிவிட்டது. நான் உன்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூடப்பிறந்த அக்காவை லாத்தா என்றுதான் எங்கள் வீடுகளில் கூப்பிடுவோம். எனக்கு அதுதான் உன் பெயர். வேறு யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. பயந்துகொண்டு இல்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

எங்கள் வாப்பா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்தவர். நாங்கள் இரண்டு பேரும் இங்கேயே பிறந்தோம். வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு லாத்தா ஜங்லிகாட்டில் வளையல், சீப்பு விற்கும் ஒரு பேன்ஸி கடைக்கு வேலைக்குப் போனாள். நான் ஏழாம் வகுப்போடு நின்றேன். எனக்குப் படிப்பு ஏறவில்லை, குர்ஆன் ஓதுவது மட்டும் நன்றாக வந்தது. அதனால் லம்பா லைனில் எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, சாயங்காலத்து அஸர் தொழுகைக்குப் பிறகு தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்குள் அனுப்பிவிட வேண்டும். பதினோரு பிள்ளைகள். பாதிப் பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள், மிச்சம் மலையாளத்துப் பிள்ளைகள், இரண்டு பேர் வங்காளிகள். எல்லாரும் சேர்ந்தால் ஹிந்திதான் பேசும். என்னை “பாஜி” என்று கூப்பிடும், அக்கா என்று அர்த்தம்.

லாத்தா போன பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒருத்தி எல்லாருக்கும் முன்னால் நின்று “நாந்தான் சொன்னேன்” என்று சொல்ல வேண்டும். அதை நான் காதால் கேட்க வேண்டும். சாப்பிடும்போதும் அதுதான் நினைப்பு. தொழும்போதும் அதுதான். சஜ்தாவில் தலை கீழே இருக்கும், மனசு அவள் வீட்டு வாசலில் நிற்கும்.

அவள் லாத்தாவின் கூட்டாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தவர்கள். இந்த ஊரில் மழை பிடித்தால் விடாது, இரண்டு பேரும் ஒரே குடைக்குள் இடித்துக்கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டில் ஆணம், அதாவது குழம்பு, நன்றாக இல்லை என்று எங்கள் உம்மாவிடமே சொல்கிற உரிமை அவளுக்கு இருந்தது. பதினெட்டு வயதில் அவளுக்கு நிக்காஹ் ஆனது, எங்களுக்கு மூன்று வீடு தள்ளி வந்து குடியிருந்தாள். அவள் மகளுக்கு இப்போது எட்டு வயது. அந்தப் பிள்ளையும் என்னிடம்தான் ஓதுகிறாள். லாத்தாவுக்கு இருபத்தேழு வயதில்தான் பெரார்கஞ்சில் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்தது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், நான் எங்கள் வீட்டுப் பின்பக்கம் மீன் அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே அடுப்படியில் இரண்டு பேரும் பேசியது எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

“மூணு மாசமா குளிக்கலடி. வயிறு வேற கல்லு மாதிரி கனக்குது. தொட்டுப் பாரு.”

“அடியே, என்னடி இப்புடி இருக்கு?”

“தெரியல. உம்மாட்ட சொன்னா அழுதே செத்துரும். நீ யார்ட்டயும் சொல்லாத.”

“வல்லாஹி சொல்ல மாட்டேன். என்னைய என்ன சில்றைன்னு நெனச்சியா?”

வல்லாஹி என்றால் அல்லாஹ் மேல் சத்தியம். அதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளில் தெருவே கேனும் வாளியுமாக வரிசையில் நிற்கும். அவள் தன் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறாள். இரக்கப்பட்டுத்தான் சொன்னாளாம். நாத்தனார் வரிசையில் சொல்லியிருக்கிறாள். முதல் கேன் நிரம்பும்போது லாத்தாவுக்கு வயிறு சரியில்லை. மூன்றாவது கேன் நிரம்பும்போது லாத்தா முழுகாமல் இருக்கிறாள். நான் என் வாளியைக் குழாயடியில் வைக்கிறேன், பின்னால் எல்லாரும் ஒரே நேரத்தில் வாயை மூடுகிறார்கள். அந்த அமைதி எப்படி இருக்கும் என்று அதில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

பெரார்கஞ்சிலிருந்து போன் வந்தது. “எங்களுக்கு இந்த சம்பந்தம் வேணாம், காரணம் கேக்காதீங்க” என்றார்கள். உம்மா நிஜமாகவே காரணம் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை அதற்கு.

நான் லாத்தாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன்.

“போயி? பொம்பள டாக்டர் வரிசைல நம்ம தெருவுலேர்ந்து ரெண்டு பேராச்சும் நிப்பாளுக. என்ன அங்க பாத்தா முடிஞ்சுது. அவளுக சொன்னது நெசமாயிரும்.”

“இருந்துட்டு போகட்டும் லாத்தா.”

“உனக்கு நிக்காஹ் ஆவ வேணாமாடி?”

இப்படி நாலு மாதம். தொளதொள என்று தைத்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்தாள். கடைசியில் கடையிலேயே வளையல் டப்பாக்களோடு விழுந்தாள். அப்புறம்தான் ஸ்கேன் எடுத்தது. வயிற்றில் கட்டி. மற்ற இடத்துக்கெல்லாம் பரவிவிட்டது. மெயின்லாண்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டரம்மா சொன்னது. நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, உம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்கு சென்னைக்கு பிளைட் டிக்கெட் போட்டோம். லாத்தா புதன்கிழமை மௌத்தானாள்.

குளிப்பாட்டும்போது நானும் இருந்தேன். வயிற்றைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அடக்கம் செய்யக் கபருக்கு எடுத்துப்போகும் முன்னால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மய்யித்து வீட்டார் கூடியிருப்பவர்களிடம் மாப்பு கேட்க வேண்டும். போனவர் யாருக்காவது கெடுதல் செய்திருந்தால், மனசு நோகப் பேசியிருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று. ஆண்களுக்கு வெளியே வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா கேட்டார். உள்ளே பெண்களிடம் உம்மா கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டது. “எம் மவ உங்க யாருக்காச்சும் எதும் செஞ்சிருந்தா மாப்பு பண்ணிருங்க.”

குழாயடியில் நின்ற அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். எல்லாரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்கள். “மாப்பு பண்ணிட்டோம்.” எல்லாரையும் விடச் சத்தமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் சொன்னாள். “மாப்பு பண்ணிட்டேன், மாமி. நான் எப்பவோ மாப்பு பண்ணிட்டேன்.”

அவள் மாப்பு பண்ணிவிட்டாளாம். என் லாத்தாவை. எப்பவோ.

அந்த நிமிடம் எனக்குள் ஏதோ ஒன்று கெட்டியாகிவிட்டது. அதுவரை அவளையும் லாத்தா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றோடு நிறுத்தினேன்.

நாற்பது நாள் வகுப்பு இல்லை. நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து மறுநாள் பாயை விரித்தேன். பிள்ளைகள் வந்தார்கள். அவள் மகளும் வந்தாள். குட்டையாக, முன்பல் இரண்டும் விழுந்து, துப்பட்டாவை எப்போதும் கோணலாகச் சுற்றிக்கொண்டு வரும் பிள்ளை. அவளுக்கு ஒரு கூட்டாளி உண்டு, பக்கத்துச் சந்து மலையாளத்துப் பிள்ளை. இரண்டு பேரும் ஒரே ஓதும் பலகையை வைத்துக்கொண்டு தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்காருவார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வேறு இரண்டு பேர் ஞாபகம் வரும். பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

ஒரு வாரம் போயிருக்கும். அவள் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“அடியே, இவ பள்ளிக்கூடத்துல இங்க கேட்டத அங்க, அங்க கேட்டத இங்கன்னு ஒரே கோள்மூட்டி வேல பாக்குறாளாம். டீச்சர் என்னக் கூப்புட்டு மானத்த வாங்கிட்டா. நீ ஓதிக்குடுக்கும்போது, புறம் பேசக் கூடாதுன்னு நல்லா மண்டைல ஏத்தேன். நீ சொன்னா கேப்பா.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை, நடிப்பு இல்லை. நிஜமாகவே மகளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு நின்றாள். என்னிடம் இதைக் கேட்கலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னை எரித்தது.

“ஏத்துறேன்” என்றேன். “நல்லா ஏத்துறேன்.”

முதல் நாள் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு மேலேதான் பிளேன் இறங்கும். அது போகிற அந்த ஒரு நிமிடம் நான் ஓதுவது யாருக்கும் கேட்காது. அந்த நிமிடத்துக்காகவே பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கும், பக்கத்துக் காதில் வாயை வைத்துவிடும். அதையே பிடித்துக்கொண்டேன்.

“இப்ப என்ன சொன்னே அவ காதுல?”

“ஒன்னும் இல்ல பாஜி.”

“ஜூட் மத் போல். பொய் சொல்லாத.”

“இவன் சாக்ஸுல ஓட்டன்னு சொன்னேன் பாஜி. சச்சி, நெசமாவே ஓட்ட.”

“நெசமா இருந்தாத்தான் புறம். பொய்யா இருந்தா அது அவதூறு, அதவிட மோசம். அவனுக்குத் தெரியாம சொன்னத அவன் கேட்டா மனசு நோகுமா நோகாதா? அதான் கணக்கு.”

புறம் பேசுவது செத்துப்போன கூடப்பிறந்தவரின் இறைச்சியைத் தின்பதற்குச் சமம் என்று நாங்களெல்லாம் சின்ன வயதிலேயே படித்தது. அதையும் சொன்னேன்.

“சீ, சீ” என்று எல்லாரும் வாயைப் பொத்தினார்கள். வங்காளிப் பிள்ளை ஒன்று கேட்டது. “கச்சா, பச்சையாவா பாஜி, இல்ல மசாலா போட்டா?”

எல்லாரும் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லாத்தா போன பிறகு முதல் தடவை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் நான் ஒரு கதை சொன்னேன்.

ஒரு ஊரில் இரண்டு கூட்டாளிகள். ஒருத்திக்கு வயிற்றில் ஒரு கஷ்டம். யாரிடமும் சொல்லாதே என்று இன்னொருத்தியிடம் சொன்னாள். இன்னொருத்தி வல்லாஹி என்று சத்தியம் செய்தாள். செய்துவிட்டுப் போய்ச் சொன்னாள். ஊர் பூராவும் பேசியது. அந்தப் பெண் வெட்கப்பட்டு டாக்டரிடம் போகவில்லை. மௌத்தானாள். “இப்ப அந்தக் கூட்டாளி என்ன செய்யணும்? வீட்டுக்குப் போயி இந்தக் கதய உம்மாகிட்ட சொல்லி, பதில் கேட்டுட்டு வாங்க. நாளைக்கு ஒவ்வொருத்தரா சொல்லணும்.”

பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. பெயர் சொல்லாவிட்டால் புறம் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். “நான் யாருன்னு சொல்லல, ஆனா ஒருத்தி இருக்கா...” என்றுதான் எல்லாப் பேச்சும் ஆரம்பிக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். பதினோரு பிள்ளைகள் பதினோரு வீட்டு அடுப்படியில் போய் என் லாத்தாவை நிறுத்தட்டும் என்று நினைத்தேன். பிள்ளைகளைக் கொண்டே அந்த வாய்களை அடைக்கிறேன் என்று நினைத்தேன்.

மறுநாள் பதில்கள் வந்தன.

“எங்க உம்மா, தௌபா செய்யணும், அல்லாகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு சொல்லுச்சு பாஜி.”

“எங்க உம்மா எதுவும் சொல்லல, இந்தக் கத யாரு சொன்னா, யாரு சொன்னான்னே கேட்டுச்சு.”

“எங்க உம்மா கதவ சாத்திட்டு வாப்பாகிட்ட என்னமோ சொல்லுச்சு.”

அவள் மகள் கடைசியில் எழுந்தாள். “எங்கும்மா ஒன்னும் சொல்லல பாஜி. சோத்த கெளறிக்கிட்டே இருந்துச்சு. அடி புடிச்சிருச்சு.”

அன்று எனக்குப் பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். உம்மாகூட என்னை நிமிர்ந்து பார்த்தது. நான் நல்லவள் மாதிரி எழுதப்போவதில்லை. அன்று எனக்குப் பெருநாள் மாதிரி இருந்தது.

அடுத்த நாள் கதையில் மாப்பிள்ளை வீட்டாரைச் சேர்த்தேன். அதற்கு அடுத்த நாள் ஆஸ்பத்திரி. அதற்கும் அடுத்த நாள், மாப்பு கேட்டபோது அந்தக் கூட்டாளி எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்பதையும் சொன்னேன். பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. அவர்களும் அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள்தான். மாப்பு கதையைச் சொன்ன நாளில் ஒவ்வொருவராக அவள் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் அந்தப் பிள்ளை பக்கத்தில் பாயில் ஒரு இடம் காலியாக இருக்க ஆரம்பித்தது. மலையாளத்துப் பிள்ளை தன் ஓதும் பலகையைத் தனியாகக் கொண்டுவந்தது. ஒரு நாள் பிளேன் போகும்போது ஒரு பையன் அவள் காதருகே குனிந்தான். எனக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் வாய் அசைந்தது தெரிந்தது. உங்கும்மா பொணந்தின்னி. அவள் அழவில்லை. துப்பட்டாவை எடுத்துக் கோணலைச் சரிசெய்து திரும்பச் சுற்றிக்கொண்டாள். நான் பார்க்காதவள் போல அடுத்த வரியை ஓதினேன்.

தடுத்திருக்கலாம். ஒரு சொல் போதும். தடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அவள் உம்மாவிடம் சொல்லட்டும் என்று விட்டேன்.

அவள் சொல்லவில்லை. புறம் பேசக் கூடாது என்று நான்தானே சொல்லிக்கொடுத்தேன். எவன் என்ன சொன்னான் என்று சொன்னால் அது கோள் ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பத்து நாள் இருக்கும். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அந்தப் பிள்ளை போகவில்லை. எங்கள் உம்மா பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தது. உம்மாவைப் பாட்டி முறையில் நன்னி என்று கூப்பிடுவாள். போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“என்னம்மா, எலும்பும் தோலுமா போயிட்டே? உங்கும்மா சோறு போடலயா?”

“போடுது நன்னி. கறி வேணாம்னு சொன்னா அடிக்குது.”

“ஏன் கறி வேணாம்? வெள்ளிக்கெழம கறி ஆணத்துக்கு அழுவியே நீ.”

அவள் கொஞ்ச நேரம் உம்மாவின் சேலை முந்தியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். “நன்னி, எங்கும்மா உங்க மகளத் தின்னுச்சாமே. எங்க வீட்டு அடுப்புலயா ஆக்குச்சு?”

நான் கதவருகே நின்றிருந்தேன். உம்மாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது. லாத்தாவின் சேதி வெளியே போனது யார் வாயிலிருந்து என்று நான் சொல்லியிருக்கவில்லை. உம்மா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தது. எழுந்து போய் சோற்றில் தயிரும் சீனியும் போட்டுப் பிசைந்து அந்தப் பிள்ளைக்கு ஊட்டியது. “இது கறி இல்ல, பாரு. தயிரு” என்று ஒவ்வொரு வாய்க்கும் காட்டிக் காட்டி ஊட்டியது. என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் வகுப்பு நடக்கும்போதே அவள் வந்தாள். இந்தத் தடவை கேட்டில் நிற்கவில்லை. செருப்போடு முன்னறைக்கே வந்தாள்.

“என் புள்ளைக்கு என்னடி சொல்லிக்குடுத்தே? சட்டியத் தொறந்தா ஓடிப்போயி வாந்தி எடுக்குது. ராத்திரி எழுப்பி, உம்மா நீ என்ன தின்னேன்னு கேக்குது.”

“புறம் பேசாதன்னு சொல்லிக்குடுத்தேன். நீதானே கேட்டே?”

“புறம் பேசாதன்னு சொல்லிக்குடுக்கத்தான் சொன்னேன். தெருவக் கூட்டி என்னப் பத்திப் புறம் பேசவா சொன்னேன்?”

“உன்னப் பத்தியா? நான் எந்தப் பேரும் சொல்லலையே. ஒரு ஊருல ஒரு கூட்டாளின்னேன். உனக்கு ஏன் குத்துது?”

மற்ற பத்துப் பிள்ளைகளும் பலகையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மகள் மட்டும் தூக்கவில்லை. எழுத்தின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

“சொல்லு” என்றேன். “மாப்பு பண்ணிட்டேன்னு அன்னைக்கு ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னியே. இதயும் சொல்லு.”

அவள் அப்படியே செருப்போடு பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். “நாந்தான் சொன்னேன். போதுமா? நாத்தனார்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொன்னேன். பாவம், அவளுக்கு என்னமோ வயித்துல, நல்ல டாக்டரு யாருன்னு கேக்கத்தான் சொன்னேன். வரிசைல அது இப்புடி ஆவும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பொறவு அப்புடி இல்லன்னு சொல்லப் பயந்துட்டேன். என்னயும் சேத்துப் பேசுவாளுகன்னு பயந்துட்டேன்டி.”

நான் இத்தனை நாள் காத்திருந்தது அதற்குத்தான். கேட்டுவிட்டேன். நெஞ்சு இறங்கும் என்று நினைத்தேன். இன்னும் சொல்லவைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. தெருவில் நிறுத்தி, குழாயடியில் நிறுத்தி, ஒவ்வொரு கேனுக்கும் ஒரு தடவை சொல்லவைக்க வேண்டும்.

அப்போது மலையாளத்துப் பிள்ளை கையைத் தூக்கியது. பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

“பாஜி, பேரு சொல்லலன்னா புறம் இல்லயா?”

“என்ன?”

“நீங்க கதைல பேரு சொல்லலல்ல. ஆனா நாங்க எல்லாருக்கும் இவளோட உம்மான்னு தெரிஞ்சுருச்சு. அப்ப அது புறமா, இல்லயா? பரீட்சைக்கு வருமா?”

கிண்டல் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். நான் என்ன சொன்னாலும் அதைத்தான் அது சாகும்வரை பிடித்துக்கொண்டிருக்கும். இல்லை என்று சொன்னால், இந்தப் பதினோரு பேரும் நாளைக்கு வளர்ந்து வரிசையில் நின்று, நான் பேர் சொல்லலப்பா என்று ஆரம்பிப்பார்கள். என் லாத்தா மாதிரி இன்னொருத்தி வீட்டுக்குள் உட்காருவாள்.

“புறந்தான்” என்றேன். “நான் பேசுனது புறந்தான். அதுவும் புள்ளைங்கள வச்சுப் பேசுனேன். அது ரொம்பக் கெட்டது. இனிமே இந்தக் கதய யாரும் யாருகிட்டயும் சொல்லக் கூடாது. இப்ப இவங்க சொன்னதயும் வெளிய சொல்லக் கூடாது.”

“அப்ப நீங்க மாப்பு கேக்கணும் பாஜி.”

“யார்ட்ட?”

“இவகிட்ட” என்று அந்தப் பிள்ளை தன் பழைய கூட்டாளியைக் காட்டியது. “நாங்க இவ பக்கத்துல உக்காரல. இவகூட டிபன் பகிர்ந்துக்கல.”

நான் அந்த எட்டு வயதுப் பிள்ளை முன்னால் போய் உட்கார்ந்தேன். உங்கும்மா யாரையும் தின்னலம்மா, அது பேச்சுக்குச் சொல்றது, கெட்ட பேச்சு அவ்வளவு அசிங்கம்னு புரியறதுக்குச் சொல்றது என்றேன். நான் செய்தது தப்பு, மாப்பு பண்ணுவியா என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல், “பண்ணிட்டேன் பாஜி” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இவள இங்க உக்காரச் சொல்லுங்க” என்றாள். மலையாளத்துப் பிள்ளை பலகையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து வந்தது. வந்து உட்கார்ந்ததும், “நீ எத்தன நாளா குளிக்கல, நாறுது” என்றது. இவள் அதன் தொடையில் கிள்ளினாள்.

அவ்வளவுதான் பிள்ளைகளுக்கு.

பிள்ளைகளை அனுப்பிய பிறகு அவள் எங்கள் உம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உம்மா அவள் தலையில் கை வைத்தது. எப்படி வைத்தது என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு வராது. அப்புறம் என்னிடம் வந்து கேட்டாள். “நீயும் மாப்பு பண்ணிருடி.”

“எங்கிட்டக் கேட்டு என்ன பண்றது? நீ பேசுனது என்னப் பத்தியா? யாரப் பத்திப் பேசுனியோ அவதான் குடுக்கணும். அவ மண்ணுக்குள்ள இருக்கா. போயிக் கேளு.”

“அப்புடிச் சொல்லாதடி. எனக்கு வழியே இல்லயா?”

அந்த முகத்தைப் பார்த்து வழி இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒரு வழி உண்டு, நானே படித்தது. யாரைப் பற்றிப் புறம் பேசினாயோ அவர் போய்விட்டால், மிச்ச நாளெல்லாம் அல்லாஹ்விடம் அவருக்காக வேண்டி துஆ கேட்க வேண்டும். பேசிய இடங்களிலேயே அவரைப் பற்றி நல்லதைப் பேச வேண்டும்.

“அஞ்சு வேளையும் தொழுதுட்டு அவளுக்கு துஆ செய். அவ பேரச் சொல்லிச் செய். தண்ணி வர்ற அன்னைக்கு வரிசைல நின்னு, அது கட்டி, வேற ஒன்னும் இல்லன்னு சொல்லு. ஒன் நாத்தனாரையும் சொல்லச் சொல்லு. நீ மௌத்தாவுற வரைக்கும் சொல்லு. அதுக்கப்புறம் கெடைக்குதா பாப்போம்.”

சரி என்றாள். போன வாரம் தண்ணீர் வந்த அன்று, எனக்கு நாலு கேன் முன்னால் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னாள். ஒருத்தி, “இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?” என்றாள். “அப்ப எதுக்குப் பேசுனோம்?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். நான் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. அந்த வாய்க்கு இனி ஓய்வு கிடையாது. என் லாத்தாவைக் கெடுத்த வாய் ஒரு நாளைக்கு ஐந்து தடவை அவளுக்காக அல்லாஹ்விடம் கெஞ்ச வேண்டும். நான் பழி வாங்கியது இப்படித்தான். இதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் செய்ததற்கு எனக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை மீன் தின்கிறாள், முட்டை தின்கிறாள். கறியை இன்னும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்தால் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் பாயில் உட்காருகிறாள். ஏன் என்று நான் கேட்பதில்லை.

பெயர் எழுதினால் இந்தத் தெருவுக்கு வெளியேயும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால்தான் யார் பெயரையும் எழுதவில்லை. இதைப் படிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். பேசியவர்களிடம், பேசும்போது தடுக்காமல் நின்றவர்களிடம், சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம், எங்களைத் தெரியவே தெரியாதவர்களிடமும்தான். தொழுகிறவர்கள் தொழுதுவிட்டுக் கையேந்துங்கள், மற்றவர்கள் உங்கள் வழக்கப்படி வேண்டிக்கொள்ளுங்கள். என் லாத்தா ஒரு தப்பும் செய்யவில்லை, வயிற்றில் வந்த கட்டியால் மௌத்தானாள் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். அவள் கபரை அல்லாஹ் விசாலமாக்க வேண்டும், அங்கே அவளுக்கு வலி இருக்கக் கூடாது, வெட்கப்பட்டு ஒளிய வேண்டிய நாள் இனி ஒன்றுகூட அவளுக்கு வரக் கூடாது. அவளுக்காக துஆ செய்யுங்கள்.